ஐந்து மீட்டருக்குள் திரும்புமா?

கார் வாங்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: உங்கள் தெரு எவ்வளவு அகலம்? பலருக்கு இந்தக் கேள்வி புதிதாக இருக்கும். மைலேஜ் எவ்வளவு, டிக்கியில் எத்தனை பெட்டி கொள்ளும், ஏர்பேக் எத்தனை, ஐந்து வருஷம் கழித்து விற்றால் என்ன தேறும் என்று பட்டியல் போட்டு வைத்திருப்பார்கள். எல்லாம் கேட்க வேண்டியவைதான். ஆனால் வண்டி வீட்டுக்கு வந்த மறுநாள் காலையிலிருந்து அதை விற்கும் நாள் வரை நீங்கள் மல்லுக்கட்டப் போவது தெருமுனையில், வீட்டு கேட்டில், மார்க்கெட் பின்சந்தில். அங்கே மைலேஜும் ஏர்பேக்கும் உதவாது. வண்டி ஒடிய வேண்டும். அவ்வளவுதான்.

பிரவுச்சரின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். நீளம், அகலம், உயரம், வீல்பேஸ் போட்ட அட்டவணையில் டர்னிங் ரேடியஸ் என்று ஒரு வரி இருக்கும். பக்கத்தில் 4.8 மீட்டர், 5.2 மீட்டர் என்று ஓர் எண். இந்தப் பதிவு அந்த ஒரு வரியைப் பற்றியது. விலை உயர்ந்த கார்களில் இப்போது பெருமையாக விளம்பரப்படுத்தப்படும் நான்கு சக்கர ஸ்டீயரிங் பற்றியும் இதிலேயே எழுதுகிறேன். ஒன்றைப் புரிந்துகொண்டால்தான் மற்றது எதற்கு வந்தது என்பது விளங்கும்.

அந்த எண் என்ன சொல்கிறது

ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் கடைசிவரை ஒடித்துப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஓட்டினால் வண்டி ஒரு வட்டம் போடும். வெளிப்பக்க முன்சக்கரம் தரையில் போடும் அந்த வட்டத்தின் ஆரம்தான் நம் ஊர் பிரவுச்சரில் இருப்பது. வெளிநாட்டு இதழ்களிலும் தளங்களிலும் பெரும்பாலும் முழு வட்டத்தின் விட்டத்தைப் போடுவார்கள். ஒரு கார் 4.8 என்றும் இன்னொன்று 9.6 என்றும் படித்தால் இரண்டும் ஒரே அளவில் திரும்புகிறவை. ஒப்பிடும்போது எது ஆரம், எது விட்டம் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. சக்கரம் போடும் வட்டம் வேறு, பம்பரின் மூலை போடும் வட்டம் வேறு. பம்பர் சக்கரத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் அதன் வட்டம் எப்போதும் பெரியது. இருபுறமும் தாழ்வான ஓரக்கல் மட்டும் உள்ள சாலையில் பம்பர் கல்லுக்கு மேலே போய்விடும், சக்கரத்தின் வட்டம் போதும். இருபுறமும் காம்பவுண்டுச் சுவர் நிற்கும் சந்தில் பம்பரின் வட்டத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். பிரவுச்சர் பெரும்பாலும் சிறியதைச் சொல்கிறது; நம் சந்துகளோ பெரியதைக் கேட்கின்றன.

இப்போது தெருவை அளப்போம். 20 அடித் தெரு என்றால் 6.1 மீட்டர். மாருதி ஸ்விஃப்ட்டின் ரேடியஸ் 4.8 மீட்டர், விட்டம் 9.6 மீட்டர். 30 அடித் தெருவில்கூட ஒரே வீச்சில் அது யூ டர்ன் போடாது. பஜாஜ் ஆர்.ஈ. ஆட்டோவின் ரேடியஸ் 2.88 மீட்டர், விட்டம் 5.76. அதாவது 20 அடித் தெருவில் வாசலுக்கு வாசல் யாரும் எதையும் நிறுத்தாமல் இருந்தால் ஆட்டோ நிற்காமல் திரும்பிப் போய்விடும். நம் ஊர்த் தெருக்களை ஆட்டோ ஆள்வதற்கு ஓட்டுநரின் துணிச்சலை மட்டும் காரணம் சொல்கிறார்கள். அந்த 2.88க்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

மூன்று கார்கள், ஒரே கோணம்

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். வீல்பேஸ் என்பது முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையிலான தூரம். வீல்பேஸை டர்னிங் ரேடியஸால் வகுத்தால், வெளிப்பக்க முன்சக்கரம் எத்தனை டிகிரி ஒடிகிறது என்று தோராயமாகக் கண்டுபிடித்துவிடலாம். பள்ளியில் படித்த சைன் அட்டவணை போதும்.

ஆல்டோ 800: வீல்பேஸ் 2.36 மீட்டர், ரேடியஸ் 4.6. ஸ்விஃப்ட்: 2.45, 4.8. இன்னோவா கிரிஸ்டா: 2.75, 5.4. வகுத்துப் பாருங்கள். மூன்றிலும் விடை கிட்டத்தட்ட 0.51. அதாவது ஏறக்குறைய 31 டிகிரி. குட்டிக் காரும் பெரிய எம்.பி.வி.யும் சக்கரத்தை ஒடிப்பது ஒரே அளவுதான். ஆல்டோ எளிதாகத் திரும்புவதற்குக் காரணம் அது குட்டை என்பது மட்டுமே.

ஆட்டோவுக்கும் போடுவோம். வீல்பேஸ் 2 மீட்டர், ரேடியஸ் 2.88. விடை சுமார் 44 டிகிரி. குட்டையாகவும் இருக்கிறது, கூடுதலாகவும் ஒடிகிறது.

இந்தக் கணக்கிலிருந்து ஒன்று தெளிவாகிறது. திரும்பும் வட்டத்தைச் சிறிதாக்க மூன்றே வழிகள்தான் உண்டு. வண்டியைக் குட்டையாக்கலாம். முன்சக்கரத்தை அதிகம் ஒடிக்கலாம். அல்லது பின்சக்கரத்தையும் திருப்பலாம். கார் உலகத்தின் நூறு வருஷ முயற்சிகள் எல்லாம் இந்த மூன்றில் ஒன்றுக்குள் அடங்கும்.

முன்சக்கரத்தை ஏன் இன்னும் ஒடிக்கக் கூடாது?

நியாயமான கேள்வி. 31 டிகிரி என்ன கடவுள் போட்ட கோடா? இல்லை. பானட்டைத் திறந்து பார்த்தால் தடை எதுவென்று தெரியும். இன்றைய கார்களில் மிகப் பெரும்பாலானவை முன்சக்கரத்தால் இழுக்கப்படுபவை. எஞ்சினும் கியர்பாக்ஸும் இரண்டு முன்சக்கரங்களுக்கு நடுவே குறுக்காக உட்கார்ந்திருக்கின்றன. அவற்றுக்கு இருபுறமும் சேசிஸின் சட்டங்கள். மிச்சமிருக்கும் இடத்துக்குள்தான் சக்கரம் ஒடிய வேண்டும். போதாததற்கு, அதே சக்கரத்துக்கு எஞ்சின் சக்தியையும் கொண்டுபோக வேண்டும்; ஒரு கோணத்துக்கு மேல் அந்த ஆக்சிலின் ஜாயின்ட் மடங்காது.

எஞ்சினைக் குறுக்கே வைத்ததால் உள்ளே உட்கார இடம் கூடியது, செலவு குறைந்தது. அதற்காக நாம் கொடுத்த விலையில் ஒரு பகுதி இந்த வட்டம்.

இதற்கு மாறாக ஒரு வண்டி நம் ஊரிலேயே ஓடியது. சென்னையை அடுத்த வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961இலிருந்து தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம் அது. அதன் திருப்பு வட்டம் 25 அடி, அதாவது 7.6 மீட்டர் விட்டம். இன்றைய ஸ்விஃப்ட்டைவிட இரண்டு மீட்டர் குறைவு! வீல்பேஸ் 2.32 மீட்டர், ஆல்டோ அளவுதான். கணக்கைப் போட்டால் முன்சக்கரம் 37 டிகிரிக்கு மேல் ஒடிந்திருக்கிறது. எஞ்சின் நீளவாக்கில் ஒல்லியாக இருந்தது. சக்தி பின்சக்கரத்துக்குப் போனது. முன்சக்கரத்துக்குத் திரும்புவது ஒன்றே வேலை. ஆகவே தாராளமாகத் திரும்பியது. எங்கள் ஊர் டாக்டர் ஒருவர் வெகுகாலம் அதை வைத்திருந்தார். கோயில் தெருவின் குறுகலான முனையில் அவர் ஒரு கையால் வளைத்து எடுத்துப் போவதைப் பெரியவர்கள் நின்று பார்ப்பார்கள்.

அந்த 25 அடிக்கு வேறு ஒரு பிரபலமும் உண்டு. லண்டன் டாக்ஸிக்கு விதிக்கப்பட்ட திருப்பு வட்டம் அதே 25 அடிதான், அதாவது 7.62 மீட்டர். சவாய் ஹோட்டல் வாசலின் சிறிய ரவுண்டானாவில் வளைய வேண்டும் என்பதற்காக வந்த விதி என்று ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. கதை எப்படியோ, விதி மெய். கையைக் காட்டிய பயணி எதிர்ப்பக்கம் நின்றாலும் டாக்ஸி அங்கேயே திரும்பி வந்து ஏற்றிக்கொள்ளும். நகரத்துக்கு எது தேவை என்று முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கேற்ப வண்டியைக் கட்டு என்று சொன்ன விதி அது. அந்த மனப்பான்மை எனக்கு மிகவும் மரியாதைக்குரியதாகப் படுகிறது.

எலெக்ட்ரிக் கார்கள் வந்தபின் அந்தப் பழைய வசதி மெல்லத் திரும்புகிறது. ஃபோக்ஸ்வாகன் ஐடி.3 காரின் மோட்டார் பின்னால் இருக்கிறது. அதே நிறுவனத்தின் கோல்ஃபைவிட வீல்பேஸ் அதிகம் இருந்தும் அது 10.2 மீட்டர் வட்டத்தில் திரும்புகிறது; கோல்ஃபுக்குச் சுமார் 11 மீட்டர் வேண்டும். முன்னால் எஞ்சின் இல்லாததால் சக்கரத்துக்கு இடம் கிடைத்தது, அவ்வளவுதான். ஹோண்டா ஈ என்ற குட்டி எலெக்ட்ரிக் காரும் பின்சக்கரத்தால் தள்ளப்படுவது. அதன் ரேடியஸ் 4.3 மீட்டர்.

பின்சக்கரம் செய்யும் வேலை

இதுவரை முன்சக்கரத்தைப் பற்றியே பேசினோம். வளைவில் நிஜமான தொந்தரவு பின்சக்கரத்தில் இருக்கிறது.

நம் கோயில் தேரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சக்கரங்கள் எந்தப் பக்கமும் திரும்பாது. நேர்வீதியில் வடம் பிடித்தால் போகும். வீதிமுனை வந்தால் முட்டுக்கட்டை போடுபவர்களின் திறமைதான் தேரைத் திருப்புகிறது. கட்டையைச் சரியான சக்கரத்தில் சரியான கோணத்தில் கொடுத்து, அத்தனை எடையையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் சறுக்க வைத்துத் திருப்புகிறார்கள். திரும்பாத சக்கரத்தை வளைவில் கொண்டுபோவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நேரில் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

சக்கரம் சறுக்காமல் உருள வேண்டுமானால் நான்கு சக்கரங்களும் ஒரே மையத்தைச் சுற்ற வேண்டும். அதனால்தான் காரின் இரண்டு முன்சக்கரங்களும் ஒரே கோணத்தில் திரும்புவதில்லை. உட்பக்கச் சக்கரம் கூடுதலாக ஒடியும். மியூனிக் நகரில் கோச்சு வண்டி கட்டிக்கொண்டிருந்த கேயோர்க் லாங்கன்ஸ்பெர்கர் 1817இல் இதற்கான அமைப்பைச் செய்தார். லண்டனில் அவருடைய முகவராக இருந்த ருடால்ஃப் ஆக்கர்மான் 1818இல் காப்புரிமை வாங்கினார். உலகம் இன்றுவரை அதை ஆக்கர்மான் அமைப்பு என்றே சொல்கிறது.

அந்த மையம் எங்கே விழும்? பின்சக்கரம் திரும்பாத வண்டியில், பின் ஆக்சிலை நேராக நீட்டினால் வரும் கோட்டில். ஆகவே பின்சக்கரம் எப்போதும் முன்சக்கரத்தைவிடச் சிறிய வட்டத்தில் போகும். ஓட்டுநர்கள் ‘பின் டயர் உள்ளே வெட்டும்’ என்பார்கள். முழுசாக ஒடித்த ஸ்விஃப்ட்டில் இந்த வெட்டு சுமார் 65 சென்டிமீட்டர். கேட்டுத் தூணில் பின்கதவு உரசுவது இதனால்தான்.

பஸ்ஸுக்கு வாருங்கள். வீல்பேஸ் 6 மீட்டரைத் தாண்டும். 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் பின்சக்கரம் ஏறக்குறைய 1.3 மீட்டர் உள்ளே வரும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ வால்பாறைப் பாதையின் 40 வளைவுகளிலோ பஸ் எதிர்த்தடம் வரை விலகிப்போய் வளைவதைப் பார்த்துப் பலர் பயப்படுவார்கள். விலகாவிட்டால் பின்சக்கரம் உள்பக்கச் சுவரில் ஏறிவிடும். மலைச்சாலைகளுக்கு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த அளவில், கொண்டை ஊசி வளைவின் உள் ஆரம் குறைந்தது 14 மீட்டர் இருக்க வேண்டும், வளைவின் உச்சியில் சாலையை அகலப்படுத்தவும் வேண்டும். பஸ்ஸின் பின்சக்கரம் வெட்டுவதற்காக ஒதுக்கிய இடம் அது. நகரத்தில் பஸ்ஸோ லாரியோ இடப்பக்கம் திரும்பும்போது அதன் இடதுபுறம் டூவீலரை நுழைக்கவே கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். முன்பக்கம் விலகிப் போவதைப் பார்த்து இடம் கிடைத்தது என்று நினைப்போம். அந்த இடத்துக்குத்தான் பின்சக்கரம் வந்துகொண்டிருக்கிறது.

பின்சக்கரமும் திரும்பினால்

முன்சக்கரம் வலப்பக்கம் ஒடியும்போது பின்சக்கரம் இடப்பக்கம் கொஞ்சம் திரும்பினால் என்ன ஆகும்? சுற்றும் மையம் பின் ஆக்சில் கோட்டிலிருந்து வண்டியின் நடுப்பகுதியை நோக்கி நகரும். வண்டி தன் நீளத்தைவிடக் குட்டையான வண்டியைப் போல நடந்துகொள்ளும். ஸ்விஃப்ட்டின் பின்சக்கரம் எதிர்த்திசையில் வெறும் 5 டிகிரி திரும்பும் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். விட்டம் 9.6 மீட்டரிலிருந்து ஏறக்குறைய 8.3 மீட்டருக்கு இறங்குகிறது. பின் டயர் உள்ளே வெட்டுவதும் குறைகிறது. முன்னும் பின்னும் சம கோணத்தில் எதிரெதிராகத் திரும்பினால் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்திலேயே போகும். வெட்டு என்பதே இருக்காது.

இது மெதுவாகப் போகும்போது. நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் கதையே வேறு. அங்கே பின்சக்கரம் முன்சக்கரத்தின் அதே திசையில் ஓரிரு டிகிரி திரும்ப வேண்டும். சாதாரணக் காரில் தடம் மாறும்போது முதலில் முன்பக்கம் திரும்புகிறது. உடல் சுழன்ற பிறகுதான் பின்டயர்களில் பக்கவாட்டுப் பிடிப்பு உருவாகிறது. அந்தக் கண நேரத் தாமதத்தில்தான் வால் ஆடுவது போன்ற உணர்வு வருகிறது. பின்சக்கரமும் அதே பக்கம் திரும்பினால் பிடிப்பு இரண்டு ஆக்சிலிலும் ஒரே சமயத்தில் வந்துவிடும். வண்டி சுழலாமல் அப்படியே பக்கத்துத் தடத்துக்கு நகரும்.

ஆக, மெதுவாகப் போனால் எதிர்த்திசை, வேகமாகப் போனால் ஒரே திசை. எப்போது எது என்று வண்டிக்கு யார் சொல்வது?

1987இல் ஹோண்டா பிரிலூட் காரில் இதற்குக் கொடுத்த விடையை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கும். கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. முன் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு நீண்ட இரும்புத் தண்டு பின்னால் போகிறது. அங்கே ஒரு பெட்டிக்குள் பற்சக்கரங்கள். ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பினால் பின்சக்கரம் அதே திசையில் அதிகபட்சம் 1.5 டிகிரி திரும்பும். மேலும் திருப்பிக்கொண்டே போனால், முக்கால் சுற்று வருவதற்குள் பின்சக்கரம் நேராகிவிடும். அதையும் தாண்டினால் எதிர்த்திசையில் 5.3 டிகிரி வரை போகும். இதில் வேகத்தை அளக்கும் கருவி எங்கே? தேவையே இல்லை. 100 கிலோமீட்டர் வேகத்தில் யாரும் ஸ்டீயரிங்கை முழுச்சுற்று திருப்ப மாட்டார்கள்; பார்க்கிங்கில் யாரும் பத்து டிகிரி மட்டும் திருப்பி நிறுத்த மாட்டார்கள். மனிதன் வண்டியை எப்படி ஓட்டுகிறான் என்பதைக் கவனித்து, அந்தக் கவனிப்பைப் பற்சக்கரத்தில் செதுக்கிவிட்டார்கள். பொறியியலில் இதைவிட அழகான ஒன்றை நான் அதிகம் கண்டதில்லை.

பிரிலூட் முதல் முயற்சி அல்ல. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஜெஃப்ரி நிறுவனம் 1913இல் செய்த குவாட் லாரியிலேயே நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் சக்தி போனது, நான்கு சக்கரமும் திரும்பியது. 1985இல் நிஸான் ஸ்கைலைன் காரின் ஹைகாஸ் அமைப்பு ஹைட்ராலிக் முறையில் பின்சக்கரத்தை மிகச் சிறிய கோணத்தில், ஒரே திசையில் மட்டும் திருப்பியது. 1988இல் மஸ்டா 626 காரில் வேகத்தைப் பார்த்துத் திசை மாற்றும் அமைப்பு வந்தது: 35 கிலோமீட்டருக்குக் கீழே எதிர்த்திசை, மேலே ஒரே திசை. ஜப்பானியர் அந்த ஐந்தாறு வருஷங்கள் இதில் தீயாக வேலை செய்தார்கள். பிறகு ஆர்வம் அடங்கியது. எடை கூடியது, விலை கூடியது, பின்பக்க அலைன்மென்ட் என்று பராமரிப்பு கூடியது. டயரும் சஸ்பென்ஷனும் மேம்பட்டதும் பாதிப் பயன் சும்மாவே கிடைத்துவிட்டது.

யாருக்காகத் திரும்பி வந்தது?

இப்போது நான்கு சக்கர ஸ்டீயரிங் மறுபடி வந்திருக்கிறது. எந்த வண்டிகளில் வந்திருக்கிறது என்று பாருங்கள்.

2002இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெரிய பிக்கப்பான ஜி.எம்.சி. சியேரா டெனாலியில் குவாட்ராஸ்டியர் என்ற பெயரில் கொண்டுவந்தது. பின்சக்கரம் 12 டிகிரி வரை திரும்பும். 14.4 மீட்டர் வட்டம் 11.4 மீட்டராகக் குறைந்தது. அற்புதமான சாதனைதான். ஆனால் விலை அதிகம், வாங்கியவர்கள் குறைவு, 2005இல் நிறுத்திவிட்டார்கள். 2020இல் வந்த மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் பின்சக்கரம் 10 டிகிரி வரை திரும்பும், வட்டம் ஏறக்குறைய இரண்டு மீட்டர் குறையும். நீள வடிவத்தின் வீல்பேஸ் 3.2 மீட்டர். புனே அருகே சாக்கனில் பொருத்தி விற்கப்படும் மெர்சிடிஸ் ஈ.க்யூ.எஸ். எலெக்ட்ரிக் காரின் வீல்பேஸும் அதே அளவு. 10 டிகிரி அமைப்போடு அதன் வட்டம் 10.9 மீட்டர். நான்கு டன்னுக்கு மேல் எடையுள்ள ஹம்மர் எலெக்ட்ரிக் பிக்கப், பின்சக்கரம் 10 டிகிரி திரும்பி 11.3 மீட்டரில் சுற்றுகிறது.

இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். இத்தனை மோட்டாரும் கம்ப்யூட்டரும் சேர்ந்து ஈ.க்யூ.எஸ். காரைக் கொண்டுபோய் நிறுத்திய 10.9 மீட்டர், நம் இன்னோவா கிரிஸ்டா எந்த உதவியும் இல்லாமல் போடும் 10.8 மீட்டர் வட்டத்துக்குப் பக்கத்தில்தான். அறுபது வருஷத்துக்கு முன் வண்டலூரில் செய்த காரின் 7.6 மீட்டரை இவற்றில் எதுவும் நெருங்கவில்லை. வண்டியை நீளமாக்கினார்கள், அகலமாக்கினார்கள். அப்படி ஏற்றிய கடனைப் பின்சக்கரம் வட்டியோடு அடைத்துக்கொண்டிருக்கிறது. தொழில்நுட்பத்தின் மேல் எனக்கு எள்ளளவும் குறையில்லை. அதைச் செலவழிக்கும் இடம் குறித்துத்தான் மனத்தாங்கல்.

சிறிய காரில் இதைப் போட முடியாதா? முடியும், ஆனால் நியாயமில்லை. பின்பக்கம் ஒரு மோட்டார், அதற்குக் கட்டுப்பாடு, பழுதானால் சக்கரம் நேராக நிற்கும் பாதுகாப்பு ஏற்பாடு, கூடுதல் இணைப்புகள் எல்லாம் வேண்டும், டிக்கியில் கொஞ்சம் இடமும் போகும். அதே பணத்தில் மோட்டாரைப் பின்னால் வைத்து முன்சக்கரத்தைக் கூடுதலாக ஒடிய விட்டால் அதே பலன் கிடைக்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு: பின்சக்கரம் எதிர்ப்பக்கம் திரும்பும்போது வண்டியின் வால் வெளிப்பக்கம் வீசும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சுவரை ஒட்டி நிறுத்திய காரை அப்படி எடுத்தால் பின்பம்பர் சுவரில் தேயும். கோணத்தை அளவோடு வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீளம் தவிர்க்க முடியாத இடங்கள்

குட்டையாக்க முடியாத வண்டிகளும் உண்டு. பின்சக்கரம் திரும்ப வேண்டியது அவற்றில்தான்.

அமெரிக்காவில் சான் ஃபிரான்சிஸ்கோ போன்ற நகரங்களின் தீயணைப்புத் துறையில் நீண்ட ஏணி வண்டிகள் உண்டு. அவற்றின் பின்பக்கத்தில் இன்னொரு ஓட்டுநர் உட்கார்ந்திருப்பார். கையில் தனி ஸ்டீயரிங். முன்னால் இருப்பவர் முன்சக்கரத்தைத் திருப்ப, பின்னால் இருப்பவர் பின்சக்கரத்தைத் திருப்புவார். செங்குத்தான குறுகிய தெருமுனைகளில் அந்த நீள வண்டி வளைந்து போவது இருவரின் ஒத்துழைப்பால். நம் தென்மாவட்ட நெடுஞ்சாலைகளில் காற்றாலை இறக்கை ஏற்றிப் போகும் டிரெய்லர்களைப் பார்த்திருப்பீர்கள். இறக்கை 60 மீட்டருக்கும் மேல் நீளும். அந்த டிரெய்லர்களின் பின் ஆக்சில்களையும் ரிமோட்டால் தனியே திருப்ப முடியும். ரவுண்டானாக்களில் கூடவே நடந்து அதைச் செய்கிறவரின் நிதானத்தை ஒருமுறை நின்று கவனியுங்கள். மூன்று ஆக்சில் கொண்ட நீள ஆம்னி பஸ்கள் பலவற்றிலும் கடைசி ஆக்சிலின் சக்கரங்கள் கொஞ்சம் திரும்பும். அடுத்த முறை பஸ் ஸ்டாண்டில் வெளியேறும்போது குனிந்து பாருங்கள்.

லண்டனில் இன்னொன்றும் நடந்தது. மெர்சிடிஸ் வீட்டோ வேனை டாக்ஸியாக்க நினைத்தார்கள். நீளமான வண்டி, 25 அடி விதிக்குள் வராது. விதியைத் தளர்த்தச் சொல்லிப் பயனில்லை என்ற நிலையில், 2008இல் பின்சக்கரமும் திரும்பும்படி மாற்றியமைத்துக் கொண்டுவந்தார்கள். மெதுவாகப் போகும்போது பட்டனை அழுத்தினால் பின்சக்கரம் திரும்பும். நகரம் தன் அளவைச் சொன்னது. தொழில்நுட்பம் அதற்கு வேலை செய்தது. வரிசை அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

நம் நகரங்களுக்கு இப்போது எலெக்ட்ரிக் பஸ்கள் வருகின்றன. அவற்றை வாங்கும்போது எத்தனை இருக்கை, ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பதுபோல, எத்தனை மீட்டரில் திரும்பும், பின்சக்கரம் எவ்வளவு உள்ளே வெட்டும் என்பதையும் நிபந்தனையில் எழுத வேண்டும். மலைப்பாதை ஊர்களின் ஆம்புலன்ஸுக்கும், பழைய ஊர்களின் ரத வீதிகளுக்குள் நுழைய வேண்டிய தீயணைப்பு வண்டிக்கும் அதே நிபந்தனை வேண்டும். கோடி ரூபாய்க் காரில் பார்க்கிங்கைச் சுலபமாக்கும் அமைப்பு, ஒரு ஃபயர் என்ஜினைச் சந்துக்குள் கொண்டுபோகுமானால் அது பிறந்ததற்கு அர்த்தம் இருக்கும்.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை

காருக்கு வருவோம். பிரவுச்சரில் வீல்பேஸையும் டர்னிங் ரேடியஸையும் எடுத்து வகுத்துப் பாருங்கள். 0.51க்கு மேல் வந்தால் அந்த வண்டி தன் நீளத்துக்கு நன்றாக ஒடிகிறது. 0.48க்குக் கீழே இறங்கினால், குட்டையாக இருந்தாலும் ஒடிப்பு குறைவு. ஒரே மாடலில் பெரிய டயர் போட்ட உயர் வேரியன்ட்டுக்கு ரேடியஸ் கூடுதலாக இருக்கிறதா என்றும் பாருங்கள். டயர் அகலமானால் உள்ளே உரசாமல் இருக்க ஒடிப்பைக் குறைப்பது உண்டு.

டெஸ்ட் டிரைவுக்கு உங்களை நேரான, அகலமான சாலைக்குத்தான் அழைத்துப் போவார்கள். பிக்கப், ஏசி, பாட்டு எல்லாம் அங்கே நன்றாகவே இருக்கும். வண்டியை உங்கள் தெருவுக்கு ஓட்டிப்போகக் கேளுங்கள். எதிர்வீட்டு பைக்குகள் வழக்கமாக நிற்கும் மாலை நேரமாக இருக்கட்டும். கேட்டுக்குள் ஒருமுறை ஏற்றி இறக்குங்கள். தெருமுனையில் எத்தனை முறை முன்னும் பின்னும் எடுக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். வீட்டில் வேறு யார் ஓட்டுவார்களோ அவர்களையும் ஓட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் ஷோரூமில் உட்கார்ந்து கேளுங்கள்: இது ஐந்து மீட்டருக்குள் திரும்புமா? விற்பவருக்கு உடனே விடை தெரியாமல் இருக்கலாம், பரவாயில்லை. மைலேஜும் ஒரு காலத்தில் யாரும் கேட்காத எண்தான். வாங்குகிறவர்கள் விடாமல் கேட்டார்கள், கம்பெனிகள் அரை கிலோமீட்டருக்காக எஞ்சினையே மாற்றின. இந்த எண்ணையும் நாம் அப்படிக் கேட்க ஆரம்பித்தால், நம் தெருவில் திரும்பும் வண்டியை அவர்கள் செய்தே ஆக வேண்டும்.